தண்ணீர்த் தொட்டி மறைக்காத வளையம்

என் அண்ணிக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. துவைத்த விரிப்புகளை மொட்டைமாடியில் காயப்போட்டு, மழைக்கு முன் எடுத்துவிட வேண்டும். பதினாறு வருஷமாக வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பதால் எல்லோருக்கும் அவர் 'அண்ணாந்தக்கா'. அதே கட்டடத்தில் லிஃப்ட் இயக்கும் எனக்கு மட்டும்தான் அண்ணி.

ஒருநாள் சூரியனைச் சுற்றிப் பெரிய வளையம் தெரிந்ததாகச் சொன்னார். மற்றவர்கள் வந்து பார்ப்பதற்குள் மேகம் மூடிவிட்டது.

"வெளிச்சத்தைச் சுத்தி வளையம் தெரிஞ்சா கண்ணுல கோளாறுக்கா," என்று இஸ்திரி போடுகிறவர் கிளப்பிவிட்டார். அண்ணன் பதறிப்போய்க் கையோடு கண் டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டரம்மா சோதித்துவிட்டு, "கண்ணு நல்லாத்தான் இருக்கு. மறுபடி தெரிஞ்சா வாங்க," என்றார்.

மூன்று வாரம் கழித்து மறுபடி தெரிந்தது. அண்ணி டாக்டரம்மாவையே மாடிக்குக் கூட்டிவந்துவிட்டார்.

"இங்க நில்லுங்கம்மா. தண்ணித்தொட்டி சூரியனை மறைக்கட்டும். என் கண்ணுல கோளாறுன்னா, சூரியன் மறைஞ்சதும் வளையமும் போயிருக்கணும்ல?"

டாக்டரம்மா அண்ணாந்து பார்த்தார். தொட்டிக்கு மேலே வளையம் அப்படியே நின்றது. "இதை உங்களுக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை. யோசிச்சேன்."

அந்த வாரமே டாக்டரம்மா வானக் காட்சிகளைப் பற்றி ஒரு புத்தகம் கொண்டுவந்து கொடுத்தார். எழுத்துக்கூட்டிப் படிக்கிற அண்ணி இரண்டு மாதத்தில் அதை முடித்தார். உயரத்து மெல்லிய மேகத்தில் இருக்கும் பனித்துகள்கள்தான் ஒளியை வளைக்கின்றன. கையை நீட்டி விரல்களை விரித்தால், சூரியனிலிருந்து வளையம் சரியாக ஒரு சாண். அன்றிலிருந்து பார்த்ததையெல்லாம் காலண்டர் தாள்களின் பின்பக்கம் தேதி, நேரத்தோடு வரைந்து வைத்தார்.

இரண்டு வருஷம் போனது. ஒரு சாயங்காலம் நாலு மணிக்கு இன்டர்காமில் அண்ணியின் குரல்.

"தம்பி, வர்றவங்களையெல்லாம் மாடிக்கே கூட்டிட்டு வா."

லிஃப்டைப் பதினொரு நடை ஓட்டினேன். கடைசி நடையில் நானும் இறங்கிப் பார்த்தேன். சூரியனுக்கு இருபுறமும் ஒவ்வொரு போலிச் சூரியன். இரண்டு சாண் மேலே, தலைகீழாகக் கவிழ்ந்த வானவில்.

"இதுல எது அக்கா நிஜம்?" என்று ஒரு நர்ஸ் கேட்டார்.

"நடுவுல இருக்கறது. மத்த ரெண்டும் பனித்துகளோட வேலை," என்றார் அண்ணி, கொடியில் விரிப்புக்குக் கிளிப் போட்டபடி.

யாரோ எடுத்த படம் வானிலை அலுவலகம்வரை போனது. அங்கிருந்து வந்த அதிகாரி காலண்டர் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். நூற்று நாற்பத்திரண்டு நாட்கள்.

"எங்ககிட்டகூட இவ்வளவு இல்லைங்க," என்றார். தங்கள் ஆண்டறிக்கையில் போட அனுமதி கேட்டார். "பேருக்குக் கீழ 'வானிலை ஆர்வலர்'னு போட்டுக்கலாமா?"

அண்ணி கொஞ்சம் யோசித்தார். "சலவைக்கூடப் பணியாளர்னே போடுங்க. அந்த வேலையிலதானே பாத்தேன்."

அப்படியே அச்சாகி வந்தது. அண்ணன் அந்தப் பக்கத்தை நூறு பேருக்காவது காட்டியிருப்பார். நான் அதற்கும் மேலே.