பிரவுசரில் ஒட்டிய தமிழ்

மலைமேல் செம்மேட்டில் நானும் என் கணவரும் பிரவுசிங் சென்டர் நடத்திய காலத்தில் எங்களுக்குள் மூண்ட பெரிய சண்டை நகைநட்டுக்காக அல்ல. கணினியில் தமிழ் அடிக்க எதைப் போடுவது என்பதற்காக.

தனி மென்பொருள் ஒன்று இருந்தது. கணினியில் நிறுவிவிட்டால் இணையம் இல்லாதபோதும் அடித்துச் சேமித்து வைத்து, லைன் கிடைத்ததும் அனுப்பலாம். இன்னொன்று பிரவுசரிலேயே ஒட்டிக்கொள்ளும் இணைப்பு. மெயில் பக்கத்தைத் திறந்து அங்கேயே நேராகத் தமிழில் அடிக்கலாம்.

"லைன் போச்சுன்னா அடிச்சதெல்லாம் போயிருமுங்க" என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன்.

"இனிமே எல்லாமே பிரவுசர்தான். உனக்கென்ன தெரியும்?" என்றார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் அவருக்கு. அந்தப் பிரவுசர் இணைப்பைத்தான் போட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த மழைக்காலத்தில் அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து ஓர் அம்மா வந்தார். கீழே தெரிந்தவர்கள் கண்ணில் படக்கூடாதென்று பஸ் பிடித்து மலையேறி வந்திருந்தார். காதல் கல்யாணம் செய்துகொண்ட மகனை வீட்டுப்படி மிதிக்காதே என்று விரட்டியவர் அவர். மகன் இப்போது மலேசியாவில். போன் செய்தால் எடுப்பதில்லை. மெயில் முகவரி மட்டும் யாரிடமோ கிடைத்திருந்தது.

அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். பாதி நேரம் பேச்சு, பாதி நேரம் அழுகை. கடைசியில்தான் அந்த வார்த்தை வந்தது. "தப்பு எம்மேலதான் சாமி. அவளையும் கூட்டிக்கிட்டு ஊட்டுக்கு வா."

அனுப்பும் பொத்தானை அழுத்தப் போனேன். இடி இடித்தது. மலையில் இடி இடித்தால் கேள்விமுறையே கிடையாது, மின்னலில் கணினி கருகிவிடாமல் இருக்க இணையம் வரும் டெலிபோன் வயரைப் பிடுங்கிவிடுவார்கள். என் கணவரும் பிடுங்கினார். நான் அழுத்தியதற்குத் திரையில் வெள்ளைப் பக்கம்தான் வந்தது. ஓர் எழுத்து மிச்சமில்லை. நான் சொன்னது பலித்ததில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை, ஆத்திரம்தான்.

"எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்குதுங்க. மறுக்கா அடிச்சு அனுப்பறேன்" என்றேன்.

அந்த அம்மா எழுந்துவிட்டார். "வேண்டாங் கண்ணு. கூப்புட்ட வாய மூடறதுக்குள்ள இடி இடிக்குது. சாமிக்கே பிரியமில்ல."

"அது சாமி இல்லீங்க, எங்க ஊட்டுக்காரரு!" என்று கத்தினேன். காதில் வாங்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டார்.

நான் கணவரைப் பார்த்த பார்வையில் அவர் குடைகூட எடுக்காமல் ஓடினார். பின்னாலேயே நானும் ஓடினேன். பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அவர் ஜன்னலோரம் நனைந்தபடி நின்று, "நாந்தானுங்க வயரப் புடுங்குனேன். எப்ப இடிச்சாலும் புடுங்குவனுங்க" என்றார், திருட்டை ஒப்புக்கொள்கிறவர் மாதிரி.

அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப சாமி ஒண்ணுஞ் சொல்லலீங்களா?"

"இல்லீங்க."

பஸ் நகர்ந்தது. வளைவில் திரும்பும் முன் ஜன்னலில் ஒரு தலை நீண்டது.

"அப்டீன்னா அனுப்பிப் போடு கண்ணு! 'அவளையும்'னு சொன்னனே, அத மட்டும் உட்றாத!"