நீதிபதி பெட்டிங்கிலின் பன்றி

இண்டியானாவில் ஆல்வா பெட்டிங்கில் வக்கீலாக இருந்த இருபது வருஷமும் ஜூரிகள் பெரும்பாலும் அவருடைய கட்சிக்காரருக்குத்தான் தீர்ப்புச் சொன்னார்கள், அவர் பேச்சு முடிந்தால் போதும் என்று. சோளம் அறுக்கிற நாளில் மூன்று மணி நேரம் அவர் பேச்சைக் கேட்க யாருக்குப் பொறுமை இருக்கும்? கடைசியில் ஊரே ஓட்டுப் போட்டு அவரைச் சட்டசபைக்கு அனுப்பிவைத்தது. தன் மேலுள்ள மதிப்பு என்று அவர் நினைத்துக்கொண்டார். சட்டசபை எழுபது மைல் தள்ளி இருப்பதுதான் காரணம் என்று மனைவி பிலீனாவுக்குத் தெரியும்.

அங்கே அவர் கொண்டுவந்தது ஒரே ஒரு சட்டம். ஒருவருடைய பன்றி அடுத்தவர் தோட்டத்து வேலியைப் பிய்த்துக்கொண்டு நுழைந்தால், பன்றிக்காரர் தன் கையாலேயே அந்த வேலியைக் கட்டித்தர வேண்டும். 'தன் கையாலேயே' என்ற இரண்டு சொல்லுக்காக ஒரு பகல் முழுக்கப் பேசினார்.

ஊர் திரும்பியதும் நீதிபதியானார்; அங்கே நீதிபதியையும் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுப்பார்கள். மூன்றாம் மாதம் டுருசில்லா ஹாஸ்கெட் என்ற விதவை வழக்குப் போட்டாள். அவளுடைய வேலியைப் பிய்த்துக்கொண்டு நுழைந்து முட்டைக்கோஸ் பாத்தியைக் காலி செய்தது நீதிபதியின் சொந்தப் பன்றி.

வேறு நீதிபதியிடம் அனுப்பலாமென்றால் ஆற்றில் வெள்ளம். அக்கரை போக வழியில்லை. "நீங்களே விசாரிங்க ஐயா, எனக்கு ஆட்சேபம் இல்ல. சட்டமும் உங்களுதுதானே," என்றாள் டுருசில்லா.

பெட்டிங்கில் மேடையை விட்டு இறங்கி, வக்கீல் மேஜைக்குப் போய், தான் விட்டுவந்த காலி நாற்காலியைப் பார்த்து வாதாடத் தொடங்கினார். வேலி முன்பே உளுத்துப்போனது என்றார். பன்றிக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்றார். இந்தச் சட்டத்தை எழுதிய ஆள் வாழ்நாளில் சுத்தியலைத் தொட்டிருக்கவே மாட்டான் என்று அவர் சொன்னபோது மட்டும் கூடமே கைதட்டியது. ஒன்றரை மணி நேரம் கழித்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு மேலே ஏறி உட்கார்ந்தார்.

"வக்கீல் நல்லாத்தான் பேசினாரு. ஆனா பேச்சு நீளம், விஷயம் இல்ல," என்றார் வருத்தத்தோடு. "வேலியை அவருதான் கட்டணும்."

மறுநாள் பாதி ஊர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. நீதிபதி இரண்டு முறை கட்டைவிரலில் அடித்துக்கொண்டார். நாலாவது பலகை கோணல் என்று டுருசில்லா காட்டினாள்.

"இதுக்கு மேல்முறையீடு உண்டாம்மா?"

"உண்டு, என்கிட்டதான். பிடுங்கிட்டுத் திரும்ப அடிங்க."

பிடுங்கித் திரும்ப அடித்தார்.

அடுத்த தேர்தலில் அவரை எதிர்த்து நிற்க ஆளே இல்லை. ஆனாலும் டுருசில்லா வீடு வீடாகப் போய் அவருக்கு ஓட்டுக் கேட்டாள். பெண்களுக்கு அப்போது ஓட்டே கிடையாது.