கதவடியில் நின்ற கதாநாயகி

ஹொல்ம்லியாவிலிருந்து நகரத்துக்குப் போகும் ரயிலில் இருந்தபோது, வடக்கே தொலைவிலுள்ள துரொண்ட்ஹெய்மிலிருந்து செல்வராணி அக்காவின் மகள் அழைத்தாள். “சாந்தி அன்ரி, அம்மா செத்துப்போயிட்டா. மாரடைப்பாம். இஞ்சை என்னோடை வந்திருக்கச் சொல்லி அவவுக்கு ஒதுக்கின அறை அப்பிடியே கிடக்கு.” நான் இறங்கவேண்டிய இடத்தில் இறங்கவில்லை.

அக்காவை அறிந்த உங்களில் பலர், நூலக அறையில் நாங்கள் இருவரும் காட்டிய ஞாயிற்றுக்கிழமைப் படங்களுக்கு வந்திருப்பீர்கள். அவருக்குப் பிடித்தது, பேசும்படம் தொடங்கிய காலத்து ஐரோப்பியக் காதல் நகைச்சுவைப் படம் ஒன்று. அப்போது குரல் மாற்றிப் போடும் வசதி சரியாக வரவில்லை. அதனால் ஒவ்வொரு காட்சியையும் அதே அரங்கில், அதே உடுப்பில், ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம் என்று திரும்பத் திரும்ப எடுத்தார்கள். மொழிக்கு மொழி நடிகர்கள் மாறினார்கள். கதாநாயகிக்கு மட்டும் மூன்று மொழியும் தெரியும், ஆகவே அவளை மாற்றவில்லை.

ஒருநாள் ஜெர்மன் படத்தின் பின்பாதிக்குப் பதிலாகப் பிரெஞ்சுப் படத்தின் பின்பாதியைப் போட்டுவிட்டோம். மீசைக்காரக் காதலன் பூ வாங்க வெளியே போகிறான். மீசையில்லாத இன்னொருவன் பூவோடு உள்ளே வருகிறான். அவளோ அதே கதவடியில் நின்று அவனைக் கட்டிக்கொள்கிறாள். “பூக்கடையிலை மீசையை வித்துப்போட்டு வந்திட்டான்!” என்று யாரோ கத்த, அறையே குலுங்கியது. அக்காவும் கண்ணீர் வரச் சிரித்தார். பிறகு கதிரைகளை அடுக்கும்போது சொன்னார்: “அவன் வேலை முடிஞ்சு வீட்டை போயிட்டான் சாந்தி. இவளைத்தான் ஒருத்தரும் விடேல்லை.”

தன்னைத்தான் சொன்னார். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், வரி அலுவலகம், எதற்கென்றாலும் இந்த நாட்டு நொஸ்க் மொழியில் எங்களுக்காகப் பேச அக்காவைத்தானே கூப்பிட்டோம்? கேட்டால் அங்கேயே மொழிபெயர்ப்பாளர் தருவார்கள். ஆனால் முன்பின் தெரியாதவர் முன்னால் கர்ப்பப்பை வருத்தத்தைச் சொல்ல எங்களுக்குக் கூச்சம். மகளிடம் போவதற்கென்று அவர் கட்டிவைத்த பெட்டிகள் அவர் வீட்டு வாசலுக்குள் கிடந்தன. உடம்பை ஒடுக்கிக்கொண்டுதான் உள்ளே போகவேண்டும். ஒவ்வொரு கோடையும் பயணம் தள்ளிப்போனது.

“போனை நிப்பாட்டிப்போட்டு ரெயின் ஏறுங்கோ அக்கா” என்று சத்தம் போட்டேன்.

“ஏறலாம். பிறகு நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போற மனிசி கதைக்க ஆரைப் பிடிக்கிறது?” என்று கேட்டார். அதற்குள் போன் அடித்தது.

எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. நல்ல மனுஷி, நல்ல மனுஷி என்று சொல்லிச் சொல்லியே அவரைக் கட்டிப்போட்டோம்.

இறுதிக்கிரியை முடிந்து, மகள் அந்தப் பெட்டிகளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். அக்கா டொக்டரிடம் கூட்டித் திரிந்த பெரியவர் ஒருவர் அழுதபடி என் கையைப் பிடித்தார்.

“பிள்ளை, செவ்வாய்க்கிழமை எனக்குக் கண் டொக்டரிட்டைப் போகவேணும். உமக்கும் நொஸ்க் நல்லா வருமாமே?”

முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

“ஓம் ஐயா, வாறன்.”

மகள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “அம்மாவும் இப்பிடித்தான் அன்ரி சொல்லுறவா.”

பெட்டிகள் துரொண்ட்ஹெய்முக்குப் போய்விட்டன. அக்காவின் அந்த ‘ஓம்’ மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. அதை வைத்திருக்க எனக்கு விருப்பமில்லை. திருப்பிக் கொடுக்க அக்காவும் இல்லை.