ஏழு வருஷத்துக் கால்சியம்

வலி முதலில் முழங்காலில்தான் தொடங்கியது. அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. எங்கள் தீவில், டெலானிபூர் மேட்டில் குவார்ட்டர்ஸ், அலுவலகமும் பக்கத்தில்தான். அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் இரண்டு இடத்தில் நின்றுவிடுவேன். சிறுநீரகக் கல் இரண்டு முறை வந்தது. காரணமே இல்லாமல் அழுவேன். ஃபைலைத் திறந்துவிட்டு, எதற்குத் திறந்தேன் என்று விழிப்பேன்.

வலிக்கு ஒரு மாத்திரை, அழுகைக்கு ஒரு மாத்திரை என்று தனித்தனியாகக் கொடுத்தார்கள். எலும்பு பலவீனம் என்று ஒரு டாக்டர் எழுதிய கால்சியத்தை மட்டும் என் கணவர் விடவே இல்லை. ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் கப்பல் டிக்கெட் கவுண்டரில் அவருக்கு வேலை. கிளம்புமுன் மாத்திரையும் தண்ணீருமாக வந்து நிற்பார்.

"தவாய் போட்டுக்கோ. போட்டாத்தான் ஹட்டி பலமாகும்." மருந்து தவாய், எலும்பு ஹட்டி; எங்கள் தீவுத் தமிழில் இந்தி அப்படிக் கலந்திருக்கும்.

இப்படி ஏழு வருஷம்.

ஒரு காலை, குவார்ட்டர்ஸ் படியில் இறங்கும்போது வலது தொடை எலும்பு உடைந்தது. விழுந்து உடையவில்லை, உடைந்ததால் விழுந்தேன். எக்ஸ்ரே பார்த்த இளம் டாக்டர்தான் முதன்முதலாக ரத்தத்தில் கால்சியம் பார்க்கச் சொன்னார். மிக அதிகமாக இருந்தது. சென்னைக்கு அனுப்பினார்.

அங்கே டாக்டர் என் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். "தைராய்டுக்குப் பின்னாடி நாலு சின்னச் சுரப்பி இருக்கும்மா. அதுல ஒண்ணு வீங்கி, எலும்புல இருக்கிற கால்சியத்தை ரத்தத்துக்கு இழுத்துட்டிருக்கு. சில நாடுகள்ல சாதாரண ரத்தப் பரிசோதனையிலயே, தொந்தரவு வர்றதுக்கு முன்னாடி தெரிஞ்சுடுது. நம்மகிட்ட எலும்பு உடைஞ்சப்புறம்தான் நிறைய பேர் வர்றாங்க."

"நான் தினம் கால்சியம் குடுத்தேனே, சார்?" என்றார் என் கணவர்.

டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். "வியாதி அதனால வரலை. ஆனா குடுக்காம இருந்திருக்கலாம்."

அறுவை சிகிச்சை செய்து அந்தச் சுரப்பியை எடுத்தார்கள். எலும்பு வலி குறைந்தது. உடைந்த எலும்பு கூடியதில் கால் சற்றுக் குட்டையாகிவிட்டது. ரத்தத்தில் ஏறிய கால்சியத்தால் சிறுநீரகங்கள் பாதிக்குமேல் போயிருந்தன. போனது திரும்பாது என்றார்கள்.

வீட்டுக்கு வந்தபின் அவர் என் முகத்தைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டார். ஒருநாள் சொன்னேன்: "உங்க மேல எனக்குக் கோபமில்லைங்க."

"எனக்கு இருக்கே" என்றார். சாப்பிடாமல் எழுந்து போனார்.

நேற்று வந்த ரிப்போர்ட்டில் சிறுநீரகம் இன்னும் கெட்டிருக்கிறது. அவரிடம் நான் காட்டவில்லை.