நாற்பத்து மூன்றாம் ஆவணம்

"மாமா, நாப்பத்திமூணு எங்க?"

தொலைபேசியில் வழக்கறிஞர் ஸ்மைலின் இப்படிக் கேட்டபோது ஞானசிங்கின் கண் முதலில் அலமாரிக்குப் போனது. கேள்வி பிறகுதான் புரிந்தது.

"நம்ம கோர்ட்ல குடுத்த ஆவண லிஸ்ட்ல நாப்பத்திரெண்டு இருக்கு, நாப்பத்திநாலு இருக்கு. நடுவுல உள்ள கடலாசக் காணல்ல. எதிர்த்தரப்பு வக்கீல் அதப் பிடிச்சுட்டாரு. கொண்டு வரச் சொல்லி மனு போட்டிருக்காரு. நம்பர் தவறிப் போச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா தீந்துது. அப்பிடித்தான மாமா?"

"நாளைக்கு நேர்ல வாறேன் மக்கா" என்று சொல்லிவிட்டுத் தொடர்பைத் துண்டித்தார். அவருடைய தேவாலயச் சபையிலேயே வளர்ந்த பெண் ஸ்மைலின். அவளிடம் தொலைபேசியில் பொய் சொல்ல நா எழவில்லை.

எண் தவறவில்லை. முப்பது ஆண்டுகள் பேருந்தில் நடத்துநராக இருந்தவருக்கு எண் எப்படித் தவறும்? பயணச்சீட்டுக் கட்டில் இரண்டு எண்களுக்கு நடுவே ஓர் எண் இல்லையென்றால், அதற்குரிய காசு எங்கே என்ற கேள்வி எழும். அந்தக் கேள்விக்குப் பயந்து பயந்தே பழகிய கை அவருடையது. வழக்குத் தாள்களுக்கு வரிசையாக எண்ணிட்டபின், நாற்பத்து மூன்றாம் தாளை மட்டும் பட்டியலில் சேர்க்காமல் அலமாரியின் அடித்தட்டில் மறைத்து வைத்தார். ஆனால் அதன் எண்ணை இன்னொரு தாளுக்குக் கொடுக்க மட்டும் பேனா இணங்கவில்லை. தாளை ஒளிக்கத் துணிந்தவருக்கு எண்ணை மாற்றத் துணிவில்லாமல் போயிற்று.

வழக்கு எளிமையானது. 1984-இல் அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் தினக்கூலியாகச் சேர்ந்தார். 1987-இல் நிரந்தரம் ஆனார். பத்தாண்டு முடித்தவருக்குத் தேர்வுநிலை என்ற உயர் ஊதியம். இருபதாண்டு முடித்தவருக்கு அதைவிட உயர்ந்த சிறப்புநிலை. தினக்கூலியாக உழைத்த மூன்று ஆண்டுகளை நிர்வாகம் கணக்கில் சேர்க்கவில்லை. இரண்டு நிலைகளும் மூன்று மூன்று ஆண்டுகள் தள்ளிப்போயின. அதே நாளில் வேலைக்குச் சேர்ந்த ஓட்டுநர் யூஜின் வழக்காடி வென்று, வென்ற கையோடு வீட்டுக்கு வந்து பரிகசித்தார்.

"ஓய், ஊருல உள்ள கடலாசு பூரா உம்ம அலமாரியிலதான் கிடக்கு. அதுகளுக்கும் பென்ஷன் வாங்கிக் குடுக்கப் போறீரா? போய்க் கேசப் போடும்வே!"

அந்தச் சொல் தைத்தது. 2021-இல் தொழிலாளர் நீதிமன்றத்தில் மனு தாக்கலாயிற்று. ஓய்வு பெற்று ஏழாண்டுகள் கழிந்திருந்தன. நிர்வாகம் சொன்ன பதில் ஒன்றுதான்: மனுதாரர் இத்தனை ஆண்டுகள் உறங்கிவிட்டு இப்போது வந்திருக்கிறார்.

அவர் உறங்கவில்லை. 2004 ஏப்ரலிலேயே அந்த மூன்று ஆண்டுகளைக் கேட்டு நிர்வாகத்துக்கு மனு எழுதிக் கொடுத்தவர் அவர். ஜூனில் ஒரு செவ்வாய்க்கிழமை, கருங்கல் ஊர்ச் சந்தைக் கூட்டம் பிதுங்கி வழிந்த வண்டியில், பின்படிக்கட்டருகே கூடையோடு நின்ற ஒருத்தி ஐந்து ரூபாயை நீட்டினாள். அதை வாங்கிப் பையில் போட்டார். கட்டைப் புரட்டிச் சீட்டைக் கிழிக்கத் தொடங்கியபோது வண்டி நின்றது. வளைவுக்கு அப்பால் காத்திருந்த பரிசோதகர்கள் ஏறிவிட்டார்கள். கையில் பாதி கிழிந்த சீட்டு இருந்தது. அவர்கள் அதைப் பார்க்கவில்லை, பார்த்ததாக எழுதவில்லை. "கட்டணம் பெற்றுப் பயணச்சீட்டு வழங்காமை" என்று குற்றம் சாட்டும் குறிப்பாணை வந்தது. நடத்துநரின் அகராதியில் அதற்குத் திருட்டு என்று பொருள்.

மூன்றாம் நாள் அதிகாரி ஒருவர் அறைக்கு அழைத்தார். மேசையில் இடப்பக்கம் குறிப்பாணை, வலப்பக்கம் ஏப்ரல் மாத மனு. "எது வேணும்னு நீரே முடிவு பண்ணும்" என்றார். ஞானசிங் அங்கேயே உட்கார்ந்து, மனுவைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தார். ஐந்து ரூபாய் வாங்கிச் சீட்டு வழங்காதது பற்றிய குறிப்பாணையைக் கருணையோடு பரிசீலிக்க வேண்டும் என்ற வாசகமும் அதில் இருந்தது. அந்தப் பயத்திலும் தாளுக்கு அடியில் கார்பன் வைக்க மறக்கவில்லை. அந்தப் பிரதிதான் நாற்பத்து மூன்று.

குறிப்பாணையை அதிகாரி தீர்க்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. அது எந்த நாளில் கோப்பிலிருந்து எழுந்து வருமோ என்று பத்தாண்டுகள் பணியிலும், அதன்பின் ஓய்விலும் பயந்தார். மனைவி நேசபாயிடமும் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் சபையில் காணிக்கைப் பை எடுப்பவர் அவர்தான். "எங்க வீட்டுக்காரரு முப்பது வருஷம் பையத் தோள்ல போட்டாரு, ஒத்த ரூவா குறஞ்சதில்ல" என்று நேசபாய் சொல்லாத கல்யாண வீடு இல்லை.

தொலைபேசி வந்த அன்று பிற்பகல் நேசபாய் துணி எடுக்க மாடிக்குப் போயிருந்தாள். அவர் தாளை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குச் சென்று அடுப்பைப் பற்றவைத்தார். பழைய கோப்புகள் அழிக்கப்பட்டுவிட்டதாக நிர்வாகமே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பதில் தந்திருந்தது. அப்படியானால் உலகத்தில் மிஞ்சியிருப்பது இந்த ஒரு பிரதிதான். ஆனால் பரிசோதகர் வளைவுக்கு அப்பால் நிற்பதில்லையா? மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இவர் பொய்ச் சத்தியம் செய்யட்டும் என்று நிர்வாகம் காத்திருந்தால்? தாளின் முனை வெப்பத்தில் சுருளத் தொடங்கியது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"அடுப்புக்கிட்ட என்ன செய்யுதிய?"

"சாயா போடலாம்னு…"

"என்னயக் கெட்டி முப்பத்தெட்டு வருஷத்துல இன்னைக்குத்தான் தோணிச்சாக்கும்! பாத்திரம் வைக்காம தீயையா குடிக்கப் போறிய?" சிரித்துக்கொண்டே வந்தவள் அவர் முகத்தைக் கண்டதும் சிரிப்பை நிறுத்தினாள். "மேலுக்கு முடியலியா? நாளைக்கு வக்கீலு ஆபீசுக்கு நானும் வாறேன்."

வேண்டாம் என்று மூன்று முறை சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை.

நாகர்கோவிலில், ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் ஸ்மைலினின் அலுவலகம். எண் தவறிப்போனதாகத் தட்டச்சு செய்த வாக்குமூலம் மேசையில் தயாராக இருந்தது. சத்தியம் செய்து கையெழுத்திட வேண்டியது மட்டுமே பாக்கி. பேனாவைத் திறந்தார், மூடினார். சட்டைப் பையிலிருந்து முனை கருகிய தாளை எடுத்து, பக்கத்தில் நேசபாய் பார்த்திருக்க, வழக்கறிஞர் முன் வைத்தார்.

ஸ்மைலின் இரண்டு முறை வாசித்தாள். "மாமா, இதத் தாக்கல் செஞ்சா, இத்தன வருஷம் ஏன் சும்மா இருந்தியன்னு கேட்டதுக்குப் பதில் கிடைக்கும். மிரட்டி எழுதி வாங்கினாங்கன்னு நான் வாதாடலாம். ஆனா நீங்க கூண்டுல நிக்கச்சில, எதிர்த்தரப்பு வக்கீலு முதல்ல கேக்கது அந்த அஞ்சு ரூவாயத்தான். கோர்ட்ல காது குடுத்துக் கேக்க ஆளு நிறய இருக்கும். விஷயம் நம்ம ஊருக்கும் வந்து சேரும்."

"எந்த அஞ்சு ரூவா?" என்றாள் நேசபாய்.

மேசையிலிருந்து அவளே தாளை எடுத்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுத்தெழுத்தாக வாசித்தாள். கீழே மருந்துக்கடையில் யாரோ விலை கேட்டு வழக்காடிக்கொண்டிருந்தார்கள். ஞானசிங் அவள் உதடுகளையே பார்த்தார். திருட்டுக் குற்றச்சாட்டு எந்த வரியில் வருகிறது என்று அவருக்கு மனப்பாடம். உதடுகள் அங்கே வந்து நின்றன.

"எடுத்தியளா?"

இருபது ஆண்டுகளாக அவர் பயந்தது இந்த ஒரு சொல்லுக்குத்தான். ஊர் கேட்கும், நீதிமன்றம் கேட்கும் என்று எண்ணியிருந்தார். முதலில் கேட்பவள் இவளாக இருப்பாள் என்று எண்ணவில்லை.

"இல்லட்டி. சீட்டு பாதி கிழிச்சாச்சு. அதுக்குள்ள ஏறிட்டானுவ."

"பின்ன எதுக்கு இப்பிடி எழுதிக் குடுத்திய?"

"பயந்துட்டேன். பிள்ளைகள் ரெண்டும் படிச்சுக்கிட்டு இருந்துது. சோலி போயிருமோன்னு…"

"எங்கிட்ட ஏன் சொல்லல்ல?"

அவர் பேனாவை மறுபடியும் திறந்து மூடினார். நேசபாய் தாளை மடிக்காமல் மேசையில் வைத்தாள். "மக்கா, இதையே குடு" என்று ஸ்மைலினிடம் சொன்னாள். அவர் பக்கம் திரும்பவில்லை.

ஸ்மைலின் பழைய வாக்குமூலத்தைக் கிழித்தாள். புதியதைத் தட்டச்சு செய்ய முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஞானசிங் அதை ஒரு வரி விடாமல் படித்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டார். மூன்றாம் பக்கத்தில் எழுத்து கோணியது. "இது உங்க கையெழுத்து மாதிரி இல்ல மாமா, இன்னொரு தடவ போடுங்க" என்றாள் ஸ்மைலின். மறுபடியும் போட்டார். அதுவும் கோணியது.

"வியாழக்கிழம விசாரணை. ஒம்பதரைக்குக் கோர்ட்டுக்கு வந்திருங்க."

நேசபாய் முன்னால் படியிறங்கிக்கொண்டிருந்தாள். அவர் சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் இறங்கினார். தாளைக் கொடுக்கச் சொன்னாள், சரிதான். தன்னை நம்பித்தான் சொன்னாளா என்று கேட்க நினைத்தார். அவளுடைய பதில் எதுவாக இருக்குமோ என்ற அச்சத்தில், கீழ்ப்படி வரை படிகளை எண்ணிக்கொண்டே இறங்கினார்.