மழையும் மளையும்

எம்.ரெட்டியபட்டியில் அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். பருத்தி எடுக்கப் போனால் அவள் பாடுவாள், நான் பின்பாட்டு. ஆனால் நல்ல குரல் என்னுடையதுதான். அதை இன்றைக்கும் சொல்வேன். மாதா கோயில் பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்றவள் நான். பள்ளிக்கூடத்து சிஸ்டர் நாக்கை மடித்துக் காட்டிக் காட்டி எனக்கு 'ழ' பழக்கியிருந்தார். அவளுக்கு மழை 'மளை'தான், பழம் 'பளம்'தான்.

எண்பதுகளின் நடுவில் மதுரையில் ஒரு கேசட் கம்பெனி நாட்டுப்பாட்டுக்குக் குரல் தேடியது. இரண்டு பேரும் கிளம்பினோம். முதல் நாள் சாயங்காலம் அவள் என்னிடம் வந்து நின்றாள்.

"ஏடி, மளைன்னு பாடுனா டவுன்காரவுக சிரிப்பாக. அந்த எளுத்த மட்டும் சொல்லிக் குடுடி."

ஒரு மணி நேரம் போதும். எனக்குத்தான் மனசு வரவில்லை. "உன் நாக்குக்கு அதெல்லாம் வராது, போ" என்றேன். அவள் முகம் சுருங்கியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

மதுரையில் நான் முதலில் பாடினேன். ஒரு எழுத்தும் பிசகவில்லை. ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர், "டீச்சரா நீங்க?" என்றார். இல்லையென்று பெருமையாகத் தலையாட்டினேன். அடுத்து அவள். 'மளை' வந்ததும் அவர் கையைத் தூக்கினார். தொலைந்தாள் என்று நினைத்தேன்.

"அந்த வரிய இன்னொரு தடவ பாடுங்கம்மா. அப்படியே வேணும், மாத்திராதீங்க."

என்னை மறுபடி யாரும் கூப்பிடவில்லை.

அப்புறம் அவள் கேசட் வந்தது. பஸ்ஸில் அவள், டீக்கடையில் அவள், கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கரில் அவள். நரிக்குடிப் பக்கம் திருவிழா என்றால் அவள் படம் போட்ட நோட்டீஸ். வயிறு எரியும். கேசட்டில் 'மளை' வருகிற இடத்தில் நான் சத்தமாக "மழை" என்பேன். நிறுத்தவா என்று வீட்டுக்காரர் கேட்டால் மட்டும் வேண்டாம் என்பேன்.

தொண்ணூறுகளில் எங்கள் ஊர்ப் பொங்கலுக்கே பாட வந்தாள். பட்டுச்சேலை, முன்னால் இரண்டு மைக். கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"அந்தா நிக்காளே, என்னைய விட நல்லாப் பாடுவா. ஒரு எளுத்து சொல்லிக் குடுன்னு அவகிட்ட கெஞ்சுனேன், குடுக்கல. குடுத்திருந்தா என்னையும் டீச்சரான்னு கேட்டு அனுப்பிருப்பாக. அவ புண்ணியத்துல பொளச்சேன்."

ஊரே கை தட்டியது. அவள் குத்திப் பேசவில்லை, மனசாரத்தான் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "பொழச்சேன்" என்று என் வாய் தானாகத் திருத்தியது. பக்கத்தில் நின்றவளுக்குக்கூட அது கேட்கவில்லை.