துட்டி கேட்க வந்த அக்கா

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. நான் கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. எனக்குப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. கணவர் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்டிடம் குமாஸ்தா. கப்பலுக்குக் கப்பல் ஏறி இறங்குகிறவர் என்பதால் வெளிநாட்டு மாலுமிகளோடு பழக்கம் உண்டு. அப்படி ஒருவர் கொடுத்துவிட்டுப் போன இசைத்தட்டில்தான் அமெரிக்கக் கறுப்பினக் கிதார் கலைஞர் ஒருவர் எங்கள் வீட்டுக்குள் வந்தார். ப்ளூஸ் என்பார்கள் அந்தப் பாட்டை. மனசில் இருக்கிற வலியை இழுத்து இழுத்துப் பாடுவது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இவருக்கோ அதுதான் உயிர். டானிக் பாட்டிலின் கழுத்தை அறுத்து, ஓரத்தைக் கல்லில் தேய்த்து மழுக்கி, விரலில் மாட்டிக்கொண்டு, தன் கிதாரின் கம்பிமேல் வழுக்கி வழுக்கி அந்தக் கலைஞரைப் போலவே வாசிக்கப் பழகினார்.

ஒருநாள் வேலைவிட்டு வந்தவர் சாப்பிடவே இல்லை. அந்தக் கலைஞர் இறந்துவிட்டாராம். இறந்து சில மாதம் ஆகிவிட்டதாம், அன்று வந்த கப்பலில் யாரோ சொல்லித்தான் தெரிந்ததாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவருக்காக வீட்டில் வாசிக்கப் போகிறேன், தெருவில் நாலு பேரைக் கூப்பிடு என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நான் பிறந்து வளர்ந்த நாசரேத்தில் எங்கள் வீட்டில் இசை என்றால் ஆர்மோனியமும் கீர்த்தனையும்தான். முன்னேபின்னே பார்க்காத ஒரு பாட்டுக்காரருக்கு வீட்டில் துக்கம் அனுசரிக்கிறார் என்றால் தெருவே சிரிக்காதா? ஆனால் அவர் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

அதனால் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு பொய்யைச் சொன்னேன். இவருக்கு நெருங்கிய கூட்டாளியான ஒரு கப்பல் என்ஜினியர் இறந்துபோனார், அவருக்காக ஜெபமும் பாட்டும் வைக்கிறோம் என்று. அக்காவின் வீட்டுக்காரர் கொழும்புக்குத் தோணியில் சரக்கு ஏற்றிப் போனவர். தோணியும் திரும்பவில்லை, ஆளும் திரும்பவில்லை. அவளிடம் போய் அப்படிச் சொன்னோமே என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இசைத்தட்டின் உறையில் இருந்த படத்தை மேசையில் சாய்த்து வைத்து மெழுகுவர்த்தி ஏற்றினார் இவர். அக்கா சொல்லித் தெருவில் பாதிப்பேர் வந்துவிட்டார்கள்; படத்தில் இருப்பவர்தான் அந்த என்ஜினியர் என்று நினைத்துக்கொண்டார்கள். முக்குக்கடை அண்ணாச்சி கடையை அடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அக்கா ஒரு பானை கஞ்சியும் துவையலுமாக வந்து நின்றாள். துட்டி வீட்டில், அதாவது துக்கம் நடக்கிற வீட்டில், அடுப்புப் பற்றவைக்கக் கூடாதாம். தன் கலைஞருக்காகத்தான் இத்தனை பேரும் வந்திருக்கிறார்கள் என்று இவர் நெகிழ்ந்துபோனார். எனக்குத்தான் எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வாசித்தார். பாட்டில் கண்ணாடி கம்பியில் உரசும்போது யாரோ விம்முவது மாதிரியே இருந்தது. பாட்டின் வார்த்தை ஒன்றுகூட யாருக்கும் புரிந்திருக்காது. அக்கா மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

முடிந்ததும் இவரிடம் வந்து கேட்டாள்:

"தம்பி, அந்த என்ஜினியரு உடம்பாவது ஊருக்குப் போய்ச் சேந்துச்சா?"

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எல்லாம் புரிந்திருக்க வேண்டும். அக்காவின் பக்கம் திரும்பினார்.

"சேந்துட்டுக்கா. சொந்த ஊருலதான் அடக்கம் பண்ணியிருக்காவ."

"அது போதும் தம்பி," என்றாள் அக்கா.

எல்லாரும் போன பிறகு திட்டுவார் என்று காத்திருந்தேன். டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டே ஒன்றுதான் கேட்டார்:

"நான் செஞ்சது உனக்கு அம்புட்டு வெக்கமாவா இருந்துச்சு, ஏளா?"

மறுநாள் காலையிலேயே அக்காவிடம் போய் உண்மையைச் சொல்லி அழுதேன். அவள் கோபப்படவில்லை. "பாட்டுக்காரருன்னு சொல்லியிருந்தா நான் வரமாட்டேனா டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பதில் அவள் என்னை நாலு வார்த்தை ஏசியிருக்கலாம்.

இவரிடம் மன்னிப்புக் கேட்டேன். சிரித்து, விடு என்றார். பிறகும் எனக்காகவும் பிள்ளைகளுக்காகவும் எத்தனையோ நாள் வாசித்திருக்கிறார். ஆனால் வீட்டுக்கு வெளியாட்கள் யாராவது வந்திருந்தால், எவ்வளவு கெஞ்சினாலும் கிதாரை எடுக்கமாட்டார். ஊர் சிரிக்கும் என்று நான் பயந்தேன். ஊர் சிரிக்கவே இல்லை, அவர் தலைகுனிந்தது என்னால்தான் என்பது இத்தனை வருடம் கழித்தும் எனக்கு ஆறவில்லை.